கோட்டூர்புரம் முதல் புதுப்பேட்டை வரை

வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் நம் குடும்பங்கள் காணச் செல்லும் இடங்கள் ஏறத்தாழ எல்லார்க்கும் ஒன்றே. மெரினா கடற்கரை, திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசல், கிண்டிப் பூங்கா, மாலையில் தியாகராய நகர்த் துணிக்கடைகள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு எவரும் புதுப்பேட்டைக்குச் செல்வதில்லை. மயிலாப்பூரில் பல்லாண்டுகளாகக் குடியிருக்கும் நானும் நாற்பத்தாறு வயது வரை அங்கே அடிவைத்ததில்லை. 2024ஆம் ஆண்டில்தான், என் மாமனாரின் பழைய கார் ஒன்றுக்காக, உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புத் துண்டைத் தேடி அங்கே சென்றேன். அங்கே கண்டவற்றை உங்களிடம் சொல்ல வேண்டும். செல்லும் முன்னர் என் உள்ளத்திற்குள் கண்டதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சென்னையின் சொந்த வண்டி

என் மாமனார் அடையாற்றங்கரையில் உள்ள கோட்டூர்புரத்தில் வசிக்கிறார். பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பத்து மூன்று. அவருடைய வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இளைய வாசகர்கள் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அம்பாசடர் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவிலும், பியட் பம்பாயிலும் உருவான காலத்தில், ஸ்டாண்டர்டு கார்கள் நம் வண்டலூரில் உருவாயின. 1948இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 1971 வரை ஹெரால்டைச் செய்தது. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு விற்கப்பட்ட அந்தக் காருக்கு, இங்குள்ள குடும்பங்களின் வசதி கருதிப் பின்னாளில் நான்கு கதவுகள் வைத்தார்கள். அதன் பானெட், இருபுற மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். 1988இல் அந்நிறுவனம் கார் செய்வதையே நிறுத்திவிட்டது.

மாமனார் இவ்வண்டியை 1974இல் பழைய வண்டியாகவே வாங்கினார். அக்கம்பக்கத்தில் நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்களை அழைத்துச் சென்றதும், என் மனைவியைப் பள்ளியில் கொண்டு விட்டதும், எங்கள் நிகாஹ் அன்று என்னை ஏற்றிவந்ததும் இதே வண்டிதான். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரம் வெள்ளத்தில் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டார் மாடியில் இருந்தார்கள். வண்டியோ இருக்கை உயரத்திற்குச் சேற்று நீரில் இரண்டு நாட்கள் நின்றது. இன்ஜினையும் மின்கம்பிகளையும் செப்பனிட்டு மீண்டும் ஓட வைத்தார் மாமனார். ஆனால் வண்டியின் அடிவயிற்றில் நீர் புகுந்த இடங்கள் அனைத்தையும் எவரும் திறந்து பார்க்கவில்லை.

கண்பார்வை மங்கியதும் அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்தினார். பழைய கார்களைச் சேகரிக்கும் இளைஞர் ஒருவர் கோவையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி வருவதாகவும், ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிச் சென்றார். விற்ற பணத்தைத் தம் பேத்தியின், அதாவது என் மகளின், கல்லூரிக் கட்டணத்திற்குக் கொடுப்பதென்று மாமனார் முடிவு செய்திருந்தார். மதரஸா ஆசிரியரின் ஊதியம் எவ்வளவு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பணம் எனக்கு மிகவும் தேவைப்பட்டது.

ஒரு சத்தம்

வண்டியைத் துடைத்து, நான் ஓட்டிப் பார்த்தேன். கிளட்சை விட்டு நகரும் ஒவ்வொரு முறையும் அடியில் 'டக்' என்று ஓர் ஒலி. வேகம் கூடியபோது இருக்கைக்குக் கீழே ஒரு நடுக்கம். மெதுவாக ஓட்டிக்கொண்டு, கோட்டூர்புரம் பாலத்தைக் கடந்து நந்தனம் வழியாகத் தியாகராய நகருக்குச் சென்றேன். அங்கே ஒரு குறுகிய தெருவில், பழைய வண்டிகளை மட்டும் பார்க்கும் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார்.

அவர் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, அடியில் முட்டுக் கொடுத்து, படுத்து உள்ளே சென்றார். ஒரு கையால் கியர்பாக்ஸின் பின்முனையையும் மறு கையால் அங்கிருந்து பின்சக்கரங்களை நோக்கிச் செல்லும் ஷாஃப்டையும் பிடித்து எதிரெதிராக அசைத்தார். அதே 'டக்' ஒலி.

"பாய், கிராஸ் போயிருக்கு" என்றார்.

கிராஸ் என்பது என்ன? முன்புற இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியே வந்து, ஷாஃப்ட் எனும் நீண்ட குழாயால் பின்புறம் செல்கிறது. அந்த ஷாஃப்ட் எப்போதும் நேர்கோட்டில் நிற்பதில்லை. கோணத்தில் நிற்கும்போதும் சுழற்சி அறுந்துவிடாமல் செல்வதற்காக, இரண்டு கவைகளுக்கு நடுவில் கூட்டல் குறி வடிவில் ஓர் எஃகுத் துண்டை வைத்திருக்கிறார்கள். அதன் நான்கு முனைகளிலும் நான்கு சிறு கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்திற்குள்ளும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கும். இத்தகைய இணைப்பைப் பதினேழாம் நூற்றாண்டில் ஆராய்ந்து எழுதியவர் ராபர்ட் ஹூக் எனும் ஆங்கில அறிஞர். அவர் பெயராலேயே இன்றும் பொறியியல் மாணவர்கள் இதனைப் படிக்கிறார்கள்.

அந்த ஊசி உருளைகள் கிரீஸில் மூழ்கியிருக்கும் வரை பல்லாண்டு உழைக்கும். வெள்ள நீர் கிரீஸைக் கழுவி, துருவை உள்ளே விட்டுச் சென்றது. துரு ஊசிகளைத் தின்றது. ஊசிகள் கிராஸின் முனைகளில் வரிவரியாகத் தடம் பதித்தன. அந்தத் தடங்களுக்கிடையே உண்டான இடைவெளிதான் 'டக்' என்று பேசியது.

"புதுசு கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"ஹெரால்டுக்கு எங்கே பாய் புதுசு? தேடித்தான் பார்க்கணும். ஒரு நாளும் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம்."

கோவை இளைஞர் வர ஐந்து நாட்களே இருந்தன. வாசகர்களே, அப்போது என் வாயிலிருந்து வந்த கேள்வியை இங்கே எழுத என் விரல்கள் தயங்குகின்றன.

"கிரீஸை நன்றாக அடைத்துவிட்டால் இந்தச் சத்தம் எத்தனை நாள் அடங்கியிருக்கும்?"

மேஸ்திரி வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தார். "ஒரு வாரம் அடங்கும். பத்து நாள்கூட அடங்கலாம்" என்றவர், சற்று நிறுத்திக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாய், நீங்களா இதைக் கேட்கறீங்க?"

அவர் முஸ்லிம் அல்லர். நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்பதும் அவருக்குத் தெரியாது. கொடுக்கல் வாங்கலைப் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துபவன் நான். பொருளின் குறையை விற்பவர் மறைத்தால், அறிந்த பின்னர் அதனைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்றும், அவ்வுரிமைக்குக் கியாருல் ஐப் என்று பெயர் என்றும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். கரும்பலகையில் எழுதிய கையே அன்று கிரீஸ் டப்பாவை நோக்கி நீண்டது. தலையைக் குனிந்துகொண்டு, "கழற்றிக் கொடுங்கள் மேஸ்திரி, நான் தேடி வருகிறேன்" என்றேன்.

புதுப்பேட்டைக் கடைகள்

ஷாஃப்டைக் கழற்றும் முன் மேஸ்திரி ஒரு காரியம் செய்தார். காருக்குள்ளிருந்து கியர்பாக்ஸின் மேல்மூடியை எடுத்துவிட்டு, கியர்பாக்ஸின் வட்டத் தகடும் ஷாஃப்டின் வட்டத் தகடும் சேரும் இடத்தில் இரண்டின் மீதும் குறுக்கே அரத்தால் ஒரு கோடு கீறினார். பின்முனையிலும் அவ்வாறே கீறினார். "எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப மாட்டணும், இல்லேன்னா புதுசு போட்டாலும் உதறும்" என்றார். பிறகு முனைக்கு நான்காக எட்டு போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை வெளியே எடுத்தார். பழைய கிராஸைப் பிரித்து ஒரு துணியில் முடிந்து என்னிடம் தந்தார்.

நான் முதலில் சென்றது, அண்ணா சாலையிலிருந்து இராயப்பேட்டைப் பக்கமாகப் பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு. மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்ற சாலை அது. கண்ணாடி போட்ட கடைகள், அட்டைப் பெட்டிகளில் புத்தம் புதிய பொருள்கள். "ஹெரால்டு காருக்குக் கிராஸ் வேண்டும்" என்றேன். கடையிலிருந்த இளைஞர் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, "சார், அது எந்தக் கம்பெனி வண்டி?" என்று பணிவோடு கேட்டார். அவர் மீது குற்றமில்லை. அவர் பிறக்கும் முன்பே அந்த வண்டி நின்றுபோயிற்று. நான்கு கடைகளிலும் இதே விடை.

அங்கிருந்து அண்ணா சாலையைக் கடந்து, கூவத்தின் பாலத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. மயிலாப்பூரிலிருந்து நேரே வருவோர் திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கியும் வரலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் வராதீர்கள். கடைக்காரர்களில் நம் சமுதாயத்தவர் பலர், ஜும்ஆவுக்குச் சென்றுவிடுவார்கள்.

புதுப்பேட்டையைக் கண்ணால் காண்பதற்கு முன் காதால் கேட்கலாம். சுத்தியல் ஓசை, இரும்பு அறுக்கும் ஓசை, தகடுகளை இழுத்துப் போடும் ஓசை. ஆயுள் முடிந்த வண்டிகள் இங்கே பிரிக்கப்படுகின்றன. ஒரு கடையின் முகப்பில் கதவுகள் மட்டும் புத்தக அடுக்கைப்போல் நிற்கின்றன. அடுத்த கடையில் விளக்குகள் மட்டும். அதற்கடுத்து ஆள் உயரத்திற்குக் கியர்பாக்ஸ்கள். மழை பெய்தால் தெருவில் எண்ணெயும் நீரும் கலந்து வானவில் நிறம் காட்டும். நல்ல செருப்பணிந்து செல்லாதீர்கள். நகரத்தார் வேண்டாம் என்று தள்ளியவற்றுள் இன்னும் உழைக்கக் கூடியது எது என்று தேடிப் பிரித்து வைப்பதே இத்தெருக்களின் தொழில்.

முதல் கடைக்காரர் துணி முடிச்சைப் பார்த்தவுடனேயே ஒரு கிராஸை எடுத்து வைத்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருந்தன. "கொஞ்சம் டைட்டா இருக்கும். தட்டி ஏத்திடலாம்" என்றார். விலையும் குறைவு. வாங்கிவிடலாம் என்று கை பைக்குள் சென்றது. ஆனால் அன்று காலையில்தான் ஒரு குறுக்குவழிக்காக வெட்கப்பட்டிருந்தேன். பிறகு வருவதாகச் சொல்லி நகர்ந்தேன்.

சந்துக்குள் சந்தாகச் சென்று, பெரியவர் ஒருவரின் சிறு கடையை அடைந்தேன். என் தொப்பியையும் தாடியையும் கண்டு, "வாங்க ஹஜ்ரத், உட்காருங்க" என்று பெட்டி ஒன்றைத் துடைத்துப் போட்டார். முடிச்சை அவிழ்த்து, எந்த வண்டிக்கு என்று கேட்காமலே வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுத்தார். கிண்ணத்தின் விட்டத்தை அளந்தார். எதிரெதிர்க் கிண்ணங்களின் மொத்த நீளத்தை அளந்தார். கிண்ணத்தைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் வளையம் எந்தப் பக்கம் உட்காருகிறது என்று பார்த்தார்.

"ஹஜ்ரத், வண்டிப் பேரைச் சொல்லிக் கேட்டா இல்லேன்னுதான் சொல்வாங்க. அளவைச் சொல்லிக் கேட்கணும். வண்டி செத்துப்போகும், அளவு சாகாது. இதே அளவுல வேற வண்டிக்கு வந்திருக்கும்" என்றார்.

முதல் கடைக்காரர் காட்டியதைப் பற்றிக் கேட்டேன். பெரியவர் சிரித்தார். கிண்ணம் ஒரு மயிரிழை பெரிதாக இருந்து தட்டி ஏற்றினால், உள்ளே ஊசிகள் நெருக்குண்டு சுழலாமல் சூடேறித் தேய்ந்துவிடுமாம். மயிரிழை சிறிதாக இருந்தாலோ, கிண்ணமே கவையின் துளைக்குள் சுழன்று துளையை அகலப்படுத்திவிடுமாம். "கிராஸ் போனா கிராஸ்தான் போகும். துளை போனா ஷாஃப்டே போயிடும்" என்றார்.

ஏழெட்டுத் தகர டப்பாக்களைக் கவிழ்த்துத் தேடி, எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பயன்படுத்தப்படாத பழைய சரக்கு. மூன்று அளவுகளும் பொருந்தின. அவர் கேட்ட விலை முதல் கடைக்காரரின் விலையைப்போல் இரு மடங்கு. நான் பேரம் பேசவில்லை. எழும்போது அவரே அழைத்து, "பொருந்தலேன்னா கொண்டாங்க, பணத்தைத் திருப்பித் தர்றேன்" என்றார். நான் கரும்பலகையில் எழுதும் பாடத்தை அவர் ஒரு தகர டப்பாவின் மீது கைவைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

பொருத்திய விதம்

மறுநாள் காலை தியாகராய நகர்ப் பட்டறையில் அமர்ந்து முழு வேலையையும் பார்த்தேன். மேஸ்திரி கவையின் துளைகளை மண்ணெண்ணெயால் கழுவி, துருவை மெல்லிய தாளால் தேய்த்தெடுத்தார். புதிய கிராஸின் கிண்ணங்களைக் கழற்றி, ஊசிகள் ஒன்றுகூடச் சாயாதிருக்கக் கிரீஸில் ஒட்டி நிறுத்தினார். கிராஸைக் கவைக்குள் நுழைத்து, எதிரெதிராக இரண்டு கிண்ணங்களை வைத்து, வைஸில் பிடித்துச் சிறிது சிறிதாக அழுத்தினார். பாதி வழியில் ஒருமுறை இறுகியது. மேலும் அழுத்தவில்லை, வெளியே எடுத்தார். உள்ளே ஓர் ஊசி சாய்ந்து குறுக்கே கிடந்தது. "இதைக் கவனிக்காம இறுக்கியிருந்தா எல்லாம் போச்சு" என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

நான்கு கிண்ணங்களும் அமர்ந்து, நான்கு சர்க்ளிப் வளையங்களும் பள்ளத்தில் விழுந்த பின் கவையை விரலால் அசைத்துக் காட்டினார். எந்தப் பக்கமும் தடையின்றி மடங்கியது. ஆனால் ஆட்டம் இல்லை. ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கோணத்தில் சுழலும் ஒற்றை இணைப்பு, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தாழ்ந்தும் ஓடும். முன்முனையில் எழும் அந்த ஏற்றத்தாழ்வைப் பின்முனையின் இணைப்பு நேர்செய்கிறது. இரண்டும் ஒத்த நிலையில் நின்றால்தான் அது கூடும். அரத்தால் கீறிய கோடுகளை நேருக்கு நேர் பொருத்தி, முதலில் கியர்பாக்ஸ் முனையிலும் பிறகு பின்முனையிலும் போல்ட்டுகளை இறுக்கினார்.

எழுந்து கையைத் துடைத்தவர், "பாய், ஒண்ணு சொல்லிடறேன். பின்சக்கரத்துக்குப் போற ரெண்டு குட்டி ஷாஃப்ட்லயும் ஒவ்வொரு கிராஸ் இருக்கு. இடது பக்கத்துல லேசா ஆட்டம் தெரியுது. இப்போ சத்தம் வராது. ஒரு வருஷத்துல வரும்" என்றார்.

மீண்டும் ஒரு குறை. இம்முறை அதற்குச் சத்தம்கூட இல்லை.

பாலத்தின் மேல்

அஸர் தொழுகைக்குப் பின் மாமனாரை முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு வண்டியை எடுத்தேன். பாண்டி பஜார், தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை வழியே லஸ் முனைக்கு வந்தோம். மெட்ரோ பணிக்காக வைத்திருந்த தடுப்புகளுக்கிடையே நின்று நின்று நகர்ந்தோம். அதுவும் நல்லதாயிற்று. நிற்கும்போதெல்லாம் கிளட்ச், நகரும்போதெல்லாம் ஒரு சோதனை. ஒவ்வொரு முறையும் மாமனார் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒலி இல்லை.

மந்தைவெளியைக் கடந்து, அடையாற்றின் குறுக்கே திரு.வி.க. பாலத்தின் மேல் ஏறினோம். சென்னைச் சாலைகளில் முதன்முதலாகக் கார் ஓடியது 1901இல் என்றும், பாரி நிறுவனத்தின் இயக்குநர் யார்க் என்பவர் அடையாறு பென்ஸ் கார்டனிலிருந்து தம் அலுவலகத்திற்கு நாள்தோறும் அதில் சென்றுவந்தார் என்றும் நகர வரலாற்றை எழுதியோர் கூறுவர். அதை நான் சொன்னதும் மாமனார், "அந்த வண்டி இப்போது எங்கே மாப்பிள்ளை?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. கடற்காற்று வீசியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபின், இடப்பக்கக் கிராஸைப் பற்றியும், முதல் நாள் பட்டறையில் நான் கேட்ட கேள்வியைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பேத்தியின் கட்டணம் அல்லவா மாப்பிள்ளை! அது சுத்தமான பணமாக இருக்கட்டும்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கோவை இளைஞர் சொன்ன நாளில் வந்தார். வெள்ள நீர் ஏறியதையும், புதிய கிராஸ் போட்டதையும், இடப்பக்க ஆட்டத்தையும் மாமனாரே ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். இளைஞர் யோசித்து, தாம் முன்பு சொன்ன தொகையில் பத்தாயிரம் ரூபாய் குறைத்தார். மாமனார் ஒப்புக்கொண்டார். அந்தப் பத்தாயிரத்தை நான் கடன் வாங்கித்தான் கட்டணத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அது உண்மை, கதைகளில் வருவதுபோல் வேறு வழியில் அப்பணம் என்னிடம் திரும்பி வரவில்லை. புதுப்பேட்டைப் பெரியவரின் கடைக்குச் செல்லும் வழியை மட்டும் ஒரு தாளில் வரைந்து இளைஞரிடம் கொடுத்தேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டியோ, தையல் இயந்திரமோ, நீர் இறைக்கும் மோட்டாரோ இருக்கலாம். பாகம் கிடைக்காது என்று எடைக்குப் போடுமுன், பழுதான துண்டைத் துணியில் முடிந்துகொண்டு ஒருமுறை புதுப்பேட்டைக்குச் சென்று வாருங்கள். பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், அளவைச் சொல்லிக் கேளுங்கள். தட்டி ஏற்றலாம் என்பவரிடம் வாங்காதீர்கள். விற்க நேர்ந்தால், சத்தம் வராத குறையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இவ்வாண்டு அந்தப் பாடத்தை நடத்தியபோது, தேய்ந்த பழைய கிராஸை வகுப்பிற்கு எடுத்துச் சென்றேன். மாணவர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி, ஊசிகள் பதித்த வரிகளை விரலால் தடவிப் பார்த்தார்கள். என் மேசையின் மேல் அது இப்போதும் இருக்கிறது.